67 செ.மீ. லூட்டில் முதல் தந்தி ஏன் நிற்கவில்லை? பெரிய மறுமலர்ச்சிக் கால லூட்டுகளின் தந்தி நீளமும் விரல் எட்டலும்

புதுவிரல்:

கிளாசிக்கல் கிட்டாரில் பல ஆண்டுகள் பழகிய கையோடு லூட் என்னும் பழைய ஐரோப்பியத் தந்திக் கருவிக்கு வந்திருக்கிறேன். நண்பர் ஒருவர் தம் வீட்டில் சும்மா இருந்த 8 இணை (பெரும்பாலும் இரட்டைத் தந்திகள்) கொண்ட லூட் ஒன்றை மூன்று மாதத்துக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறார். தந்தி அதிரத் தொடங்கும் நட்டிலிருந்து அது முடியும் பிரிட்ஜ் வரை அளந்தால் 67 செ.மீ. வருகிறது. நான் பார்த்த பயிற்சி நூல்கள் எல்லாம் ஜி லூட் என்றே பேசுவதால், ஏ = 440 என்னும் இன்றைய சுருதியில் முதல் தந்தியை ஜி சுரத்துக்கு ஏற்ற முயன்றேன். 0.42 மி.மீ. குடல்நரம்பு எஃப் ஷார்ப்பைக் கடந்ததும் அறுந்தது. மெல்லியதாக இருந்ததால்தான் அறுந்தது என்று எண்ணி 0.46 மி.மீ. வாங்கிப் போட்டேன். அதுவும் ஏறக்குறைய அதே இடத்திலேயே அறுந்தது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை என்பதால் சரக்கு பழையதோ என்று முதலில் ஐயப்பட்டேன். இப்போது கருவியின் மீதே ஐயம் வந்துவிட்டது.

இரண்டாவது சிக்கல் இடக்கை. சுட்டுவிரலை முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள சுரக்கட்டு) கிடத்திக்கொண்டு சுண்டுவிரலை ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நீட்ட வேண்டிய இடங்களில் மணிக்கட்டு வலிக்கிறது. கிட்டாரும் 65 செ.மீ.தானே, இரண்டு செ.மீ. கூடியதற்கா இவ்வளவு வேறுபாடு என்று குழம்புகிறேன். இந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 59 அல்லது 60 செ.மீ. லூட் ஒன்றைத் தேட வேண்டுமா, அல்லது நான்தான் ஏதோ தவறு செய்கிறேனா?

குடல்நரம்பு:

கடைச் சரக்கிலும் குறையில்லை, கருவியிலும் குறையில்லை. தடித்த நரம்பு கூடுதல் பாரத்தைத் தாங்கும் என்று நீங்கள் நினைத்தது சரியே. ஆனால் அதே நீளத்தில் அதே சுரத்துக்கு ஏற்றும்போது, நரம்பின் எடை எவ்வளவு கூடியதோ அவ்வளவு இழுவிசையும் கூட வேண்டியிருக்கிறது. தடிமனை இரட்டித்தால் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும். தேவைப்படும் இழுவிசையும் நான்கு மடங்காகும். இலாபமும் செலவும் நேராகிப் போவதால், தந்தி அறும் சுரத்தைத் தடிமன் தீர்மானிப்பதில்லை. நீளமும் தந்தி செய்த பொருளுமே தீர்மானிக்கின்றன.

தந்தி நீளத்தை மீட்டரிலும் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸிலும் எடுத்துப் பெருக்குங்கள். குடல்நரம்பு 260 என்னும் எண்ணை ஒட்டி அறும். நாள்கணக்கில் நிற்க வேண்டுமானால் 235-ஐத் தாண்டாமல் இருப்பது நலம். 440 சுருதியில் மேல் ஜி 392 ஹெர்ட்ஸ். 67 செ.மீ. நீளத்தில் பெருக்குத்தொகை 263 ஆகிறது, அதாவது அறும் எல்லைக்கே போய்விடுகிறது. எஃப் ஷார்ப்பில் 248. அதைக் கடந்ததும் உங்கள் நரம்புகள் இரண்டும் போனதில் வியப்பில்லை.

இதையே திருப்பிப் போட்டால் கருவியின் அளவு கிடைக்கும். 235-ஐ 392-ஆல் வகுத்தால் 60 செ.மீ. இன்று 440-இல் ஜி லூட் கேட்பவர்களுக்கு 58 முதல் 60 செ.மீ.க்குள் செய்து தருவதன் காரணம் இவ்வளவுதான். ஏ = 415 என்னும் தாழ்ந்த சுருதியில் அதே ஜி சுரத்துக்கு 63 செ.மீ. வரை போகலாம், ஏ = 392 சுருதியில் 67 செ.மீ. வரை போகலாம். உங்கள் கையில் இருப்பது இன்றைய சுருதியில் எஃப் லூட். அதை ஜி லூட் என்று அழைப்பதில் தவறில்லை, சுருதிக்கவையை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கிக்கொள்ள வேண்டும்.

1603-இல் ஆங்கில லூட் ஆசிரியர் தாமஸ் ராபின்சன், முதல் தந்தியை அறுந்துவிடுமோ என்று அஞ்சும் எல்லை வரை ஏற்றிவிட்டு மற்றவற்றை அதற்கேற்பச் சேர்க்கச் சொன்னார். அக்காலத்து மாணவன் சுருதிக்கவையைத் தேடிப் போகவில்லை. கருவியின் நீளம் எந்தச் சுருதியைத் தாங்கியதோ அதுவே அவனுடைய சுருதி. லூட் இசையை எழுதும் டேப்லேச்சர் முறை விரல் வைக்கும் இடத்தைத்தான் குறிக்கிறது, சுரத்தின் உயரத்தைக் குறிப்பதில்லை. ஆகவே தனியாக வாசிப்பவனுக்கு இதனால் எந்த இடையூறும் இருந்திருக்காது.

சிறியதே_போதும்:

கணக்கு சரிதான், ஆனால் கேட்டவர் கேட்டது கையைப் பற்றியும்தான். என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தனி வாசிப்புக்கு 67 செ.மீ. தேவையற்ற துன்பம். பொலோனியாவில் உள்ள 1592-ஆம் ஆண்டில் வெண்டேலியோ வெனேரே செய்த லூட்டின் தந்தி நீளம் 59 செ.மீ.க்குள் அடங்குகிறது, இன்று உலகெங்கும் படியெடுக்கப்படும் 7 இணை லூட்டுகளில் அது முன்வரிசையில் நிற்கிறது. பலகுரல் ஃபேன்டசியா என்னும் தனிவாசிப்பு இசைவடிவம் ஒன்றில் கீழ்க்குரலைப் பிடித்தபடியே மேல்குரல் இரண்டும் நகர வேண்டும். 60 செ.மீ.யில் அது இசை; 67 செ.மீ.யில் அது உடற்பயிற்சி. பெரிய லூட்டுகள் குழு வாசிப்பில் கீழ்க்குரல் ஏற்கவும் பாடகருக்குத் துணை வாசிக்கவும் செய்யப்பட்டவை. கிட்டாரிலிருந்து வருபவர்கள் 65 செ.மீ.க்குப் பழகிய கை என்ற துணிவில் பெரியதை எடுத்து, ஆறு மாதத்தில் தசைநாண் வலியோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டைவிரல்_கீழே:

முன்னவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். முதலில் அளவுகளைப் பார்ப்போம். முதல் ஃபிரெட்டுக்கும் ஐந்தாம் ஃபிரெட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு, சம சுருதிப் பகிர்வில், 60 செ.மீ. லூட்டில் 11.7 செ.மீ.; 65 செ.மீ. கிட்டாரில் 12.7; 67 செ.மீ. லூட்டில் 13. கிட்டாருக்கும் இந்த லூட்டுக்கும் உள்ள வேறுபாடு 4 மி.மீ.தான். ஆகவே மணிக்கட்டு வலிக்கு நீளத்தை மட்டும் குற்றம் சாட்ட முடியாது.

வலியின் காரணம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது என்பது என் ஊகம். கிட்டாரில் இவ்வகை நீட்டல்கள் அரிதாக வருகின்றன, பெரும்பாலும் கழுத்தின் நடுப்பகுதியில் வருகின்றன. லூட் இசையோ முதல் ஐந்து ஃபிரெட்டுகளுக்குள்ளேயே பெரும்பகுதி குடியிருக்கிறது. கழுத்தின் மிக அகன்ற இடைவெளிகள் இருப்பதும் அங்கேதான். இன்னொன்று, கருவி நிற்கும் கோணம். பெரிய லூட்டை மடியில் கிடையாக வைத்தால் நட் உடலை விட்டு வெகுதூரம் போய்விடும். முழங்கை நிமிர்ந்து, மணிக்கட்டு மடங்கி, சுண்டுவிரல் தன் நீளத்தில் பாதியை இழந்துவிடும். வார் கட்டிக் கழுத்தை உயர்த்திப் பாருங்கள். கட்டைவிரலைச் சுட்டுவிரலுக்கு நேர்பின்னே வைக்காமல் நடுவிரலுக்குப் பின்னே நகர்த்துங்கள். கை நடுவிலிருந்து இருபுறமும் விரிய வேண்டும், சுட்டுவிரலில் கட்டிப்போட்டு ஒரு பக்கமாக இழுபடக் கூடாது.

கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) வைத்தும் சோதிக்கலாம். 67 செ.மீ. லூட்டில் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ வைத்தால் மீதி நீளம் 59.7 செ.மீ. அதாவது கடையில் கேட்காமலேயே ஒரு ஜி லூட் உங்கள் மடிக்கு வந்துவிடுகிறது. கேப்போ வைத்தால் தந்தியின் அழுத்த உணர்வும் உயரமும் சற்று மாறும் என்றாலும், நீட்டலைச் சோதிக்க இது போதும். ஒரே பக்கத்தை அப்படியும் இப்படியும் வாசித்துப் பாருங்கள். கேப்போ வைத்தும் வலித்தால் சிக்கல் நீளத்தில் இல்லை.

பழம்பேழை:

பெரிய லூட் துணை வாசிப்புக்கு மட்டுமே என்ற கூற்றோடு எனக்கு உடன்பாடில்லை. இன்று எஞ்சியிருக்கும் கருவிகளை வைத்து எந்தப் பக்கமும் அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பொலோனியாவில் லூட் செய்த லாக்ஸ் மாலர் 1552-இல் இறந்தபோது அவர் பட்டறையில் ஏறத்தாழ 1100 லூட்டுகள் இருந்ததாக இருப்புப் பட்டியல் காட்டுகிறது. ஆக்ஸ்பர்க்கின் செல்வர் ரைமுண்ட் ஃபுக்கரிடம் 1566-இல் 140-க்கும் மேற்பட்ட லூட்டுகள் இருந்தன. அந்த வெள்ளத்திலிருந்து நம் கைக்கு வந்தவை சில துளிகள். அந்தத் துளிகளும் எதேச்சையாகத் தப்பியவை அல்ல. மாலர், ஹான்ஸ் ஃப்ரை ஆகியோரின் நீண்ட உடல் கொண்ட கருவிகளை 17-ஆம் நூற்றாண்டில் தேடித் தேடி வாங்கி, கழுத்தை மாற்றி, 11 இணை பரோக் லூட்டுகளாக ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு ஏற்ற அளவில் இருந்தவை பிழைத்தன. அப்படிப் பிழைத்தவற்றில் கழுத்தும் பிரிட்ஜும் பழையவை அல்ல என்பதால், அவற்றின் முதல் தந்தி நீளத்தை அளந்து சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. உடல் மட்டும் சாட்சி சொல்கிறது, அதுவும் அரைகுறையாக.

எழுத்துச் சான்று இதைவிடத் தெளிவானது. 1610-இல் லண்டனில் ராபர்ட் டவ்லண்ட் வெளியிட்ட லூட் பாடத் தொகுப்பில், லூட் கலைஞர் ழான்-பாத்தீஸ்ட் பெசார் எழுதிய பயிற்சி முறையின் ஆங்கிலப் பெயர்ப்பு இடம்பெற்றிருக்கிறது. பெரிதும் அல்லாத சிறிதும் அல்லாத, உன் கைக்கு ஏற்ற நடுத்தர லூட்டைத் தேர்ந்தெடு என்று தொடங்குகிறார். இதைச் சிறியதே_போதும் கேட்டால் மகிழ்வார். ஆனால் பெசார் அங்கேயே நிற்கவில்லை. கை மிகக் குட்டையாக இருந்தாலொழிய, தொடக்கத்தில் சற்றுப் பெரிய, கடினமான லூட்டில் பழகுவதையே தாம் விரும்புவதாகவும், அது கையின் தசைநாண்களை நீட்டிப் பழக்கும் என்றும் சொல்கிறார். இன்றைய கை மருத்துவர் இதை ஏற்பாரா என்பது வேறு கேள்வி. ஆனால் பெரிய லூட்டில் தனிப்பயிற்சி செய்வது அக்காலத்தார்க்கு விந்தையாகத் தோன்றவில்லை.

அதே தொகுப்பில் ராபர்ட்டின் தந்தையும் லூட் கலைஞருமான ஜான் டவ்லண்ட் இன்னொன்று சொல்கிறார். தம் நினைவுக்கு எட்டிய லூட்டுகளில் எட்டு ஃபிரெட்டுகளே இருந்தன என்றும், பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் கழுத்தை நீட்டி மேலும் இரண்டைச் சேர்த்தார்கள் என்றும், இப்போது எல்லோரும் விரும்புவது பத்து ஃபிரெட் லூட்டுகளையே என்றும் எழுதுகிறார். இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். கழுத்து உடலைச் சந்திக்கும் இடத்தில் எட்டாம் ஃபிரெட் இருக்கும் 60 செ.மீ. லூட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடலையும் பிரிட்ஜையும் தொடாமல், அந்த இடத்தில் பத்தாம் ஃபிரெட் வருமாறு கழுத்தை மட்டும் நீட்டினால், தந்தி நீளம் 67.3 செ.மீ. ஆகிறது. முதல் தந்தி அறாமல் இருக்க வேண்டுமானால் அந்த லூட் ஒரு முழுச் சுரம் இறங்கியே ஆக வேண்டும்.

புதுவிரல்:

மேலே கண்டதைப் படித்ததும் எழுந்து போய் எண்ணிப் பார்த்தேன். என்னிடமுள்ள லூட்டில் கழுத்தில் பத்து ஃபிரெட்டுகள் கட்டப்பட்டிருக்கின்றன. உடல் ஏன் இவ்வளவு சிறியதாகத் தெரிகிறது என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே எனக்கு இருந்தது, விடை கிடைத்துவிட்டது.

கேப்போ சோதனையும் முடிந்தது. ஒரு ஃபேன்டசியாவின் முதல் பக்கத்தை இரண்டு விதமாகவும் ஐந்து நாள் வாசித்தேன். கேப்போ வைத்தபோது நீட்டல் எளிதாயிற்று, ஆனால் வலி முழுதாகப் போகவில்லை. மூன்றாம் நாள் வாரைக் கட்டிக் கழுத்தை உயர்த்தினேன். அதன்பின் கேப்போ இல்லாமலும் வலி பெரும்பாலும் குறைந்துவிட்டது. எட்டாத இடம் என்று இப்போது மிஞ்சியிருப்பவை அந்தப் பக்கத்தில் இரண்டே. இரண்டிலும் கீழ்க்குரலை நான்கு தாள அடிகளுக்குப் பிடித்திருக்கச் சொல்கிறது என் பயிற்சிநூல்.

முதல் தந்தியை எஃப் சுரத்தில் நிறுத்தப் போகிறேன். அதற்கு எந்தத் தடிமனில் தந்திகள் வாங்குவது? நீளம் கூடியதால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

குடல்நரம்பு:

எதையும் மாற்ற வேண்டாம். 60 செ.மீ. லூட்டை ஜி சுரத்துக்கு ஏற்றினால் பெருக்குத்தொகை 235, 67 செ.மீ. லூட்டை எஃப் சுரத்துக்கு ஏற்றினால் 234. இந்தப் பெருக்குத்தொகை ஒன்றாக இருந்தால் ஒரே தடிமன் ஒரே இழுவிசையைத் தரும். 0.42 மி.மீ. குடல்நரம்பு இரண்டிலும் ஏறத்தாழ 4 கிலோ இழுவிசையில் நிற்கும். எட்டு இணைகளுக்கும் இதே கதைதான். ஆகவே ஜி லூட்டுக்கென்று கிடைக்கும் தந்தித் தொகுதியை அப்படியே மாட்டலாம். ஒவ்வொரு தந்தியும் பெக்கை (சுருதி முறுக்காணியை) சுற்றப் போதிய நீளம் உள்ளதா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒலி ஒன்றாக இருக்காது. சுற்றுக்கம்பி இல்லாத காலத்தில் லூட்டின் பெரும் தலைவலி கீழ் இணைகளே. தடித்த நரம்பு விறைப்பானது. அதன் மேற்சுரங்கள் சரியான இடத்தில் அமையாமல் ஒலி மங்கும். கீழ் இணைகளில் தடித்த நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்தாயி மேலுள்ள மெல்லிய நரம்பைச் சேர்த்ததே இந்த மங்கலை ஈடு செய்யத்தான். தடிமனும் இழுவிசையும் மாறாமல் நீளம் மட்டும் கூடினால், இந்த விறைப்பின் விளைவு நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். 60-இலிருந்து 67-க்குப் போகும்போது அது ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பெரிய லூட்டை விரும்புகிறவர்கள் ஆறாம் இணையின் ஒலிக்காகவே விரும்புகிறார்கள். கைக்கு அது எளிது என்று யாரும் சொல்வதில்லை.

ஃபுளோரோகார்பன் என்னும் செயற்கை இழைத் தந்தியை முதல் இணைக்கு மாட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது குடல்நரம்பை விட அடர்த்தி மிகுந்தது. அதே சுரத்துக்கு ஏற்றினால் குறுக்குவெட்டுப் பரப்பின் ஒவ்வொரு சதுர மி.மீ.யும் கூடுதலாக இழுபடும். நீள எல்லையை ஒட்டி வாழும் முதல் தந்திக்கு அது பொருந்தாது. கீழ் இணைகளில் மெல்லிய தடிமன் வேண்டுவோருக்கு அது பயன்படும்.

கட்டைவிரல்_கீழே:

அந்த இரண்டு இடங்களைப் பற்றி: நான்கு அடிக்கும் பிடிக்கச் சொல்வது பெரும்பாலும் இன்றைய பதிப்பாசிரியர். டேப்லேச்சரில் தாளக்குறி அடுத்த சுரம் எப்போது வரும் என்பதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு குரலும் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. கீழ்க்குரலைக் கூடுமானவரை பிடித்திருப்பது நல்ல பழக்கம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குடல்நரம்பின் ஒலி தானாகவே விரைவில் தேய்ந்துவிடுகிறது. மூன்றாம் அடியில் மேல்குரல் நகரும் அந்தக் கணத்தில் விரலை எடுத்தால், கேட்பவர் காதில் கீழ்ச்சுரம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கும். நீங்கள் வாசிப்பதை ஒருமுறை பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். விரல் எடுத்த இடம் எது என்று உங்களுக்கே தெரியாமல் போகலாம்.

இழுவிசை இன்னும் கடினமாகத் தோன்றினால் எல்லா இணைகளையும் அரைச் சுரம் இறக்கி ஈ சுரத்தில் நிறுத்துங்கள். அதே தந்திகளில் இழுவிசை ஏறக்குறைய 11 விழுக்காடு குறையும். சுட்டுவிரலைக் கிடத்துவது உடனே இலகுவாகும்.

எண்பது_செமீ:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 67-க்கே இவ்வளவு பேச்சென்றால், முதல் தந்தி டி சுரத்தில் நிற்கும் பாஸ் (கீழ்க்குரல்) லூட்டை அக்காலத்தில் எப்படி வாசித்தார்கள்? 80 செ.மீ.யில் ஒன்று செய்துகொள்ளலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பழம்பேழை:

ஜெர்மானிய இசையறிஞர் மிக்கேல் பிரெட்டோரியஸ் 1619-இல் தரும் பட்டியலில் லூட் குடும்பத்துக்கு ஏழு அளவுகள் உண்டு. வழக்கமான லூட்டின் முதல் தந்தி ஜி. அதற்குக் கீழே டெனர் ஈ, பாஸ் டி, அதற்கும் கீழே, வழக்கமான லூட்டை விட ஒரு முழு ஸ்தாயி இறங்கிய பெரிய பாஸ். 440 சுருதியில் டி 294 ஹெர்ட்ஸ் என்பதால், 80 செ.மீ. என்ற உங்கள் எண் குடல்நரம்பின் எல்லையில் சரியாக உட்காருகிறது. முதல் ஃபிரெட்டிலிருந்து ஐந்தாம் ஃபிரெட் வரை 15.6 செ.மீ. அதை எட்டுகிற கை என்னிடம் இல்லை. அந்த அளவில் தனி ஃபேன்டசியா வாசிக்க முயல்வது வீண் என்பதில் நான் முதன்முறையாகச் சிறியதே_போதும் பக்கம் சேர்கிறேன். ஆனால் 1564-இல் லூவேனில் அச்சான ஜியோவன்னி பாக்கோலோனியின் மூன்று லூட் தொகுப்பைப் போன்ற குழு இசையில், கீழ்க்குரல் ஏற்கும் லூட்டுக்கு அந்த நீளம் ஒலியைத் தருகிறது.

இந்த எல்லையைக் கடக்க முயன்றதில்தான் தியோர்போ என்னும் நீண்ட கழுத்து லூட் பிறந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இத்தாலிய லூட் கலைஞர் அலெஸ்ஸாந்த்ரோ பிச்சினினி 1623-இல் தரும் விளக்கப்படி, பொலோனியாவில் செய்த பெரிய லூட்டுகளைப் பாட்டுக்குத் துணையாக மேலே ஏற்றியபோது முதல் தந்தி அந்தச் சுரத்தை எட்டவில்லை. ஆகவே தடித்த தந்தி ஒன்றைப் போட்டு ஒரு ஸ்தாயி இறக்கினார்கள். பின்னர் இரண்டாம் தந்திக்கும் அதையே செய்தார்கள். புதுவிரலுக்கு அறுந்த அதே தந்தி அவர்களுக்கும் அறுந்திருக்கிறது. அவர்கள் அதிலிருந்து ஒரு புதிய கருவியையே எடுத்துக்கொண்டார்கள்.

சிறியதே_போதும்:

80 செ.மீ. பற்றி ஒருவராவது என்னோடு உடன்பட்டதற்கு நன்றி. கேள்வி கேட்டவருக்கு ஒன்று. எஃப் சுரத்தில் வைத்தால் அச்சிட்ட பாடல்களுக்குத் துணை வாசிக்கும்போது பாடகர் ஒரு முழுச் சுரம் கீழே பாட வேண்டியிருக்கும். உயர்ந்த குரல்காரர்கள் இதை விரும்ப மாட்டார்கள். இரவல் தவணை முடிவதற்குள் இதையும் சோதித்துவிடுங்கள்.

புதுவிரல்:

சோதித்தேன். எனக்குத் தெரிந்த பாடகி தாழ்ந்த குரலுடையவர். ஜி லூட்டோடு பாடும்போது உச்சத்தில் தொண்டையை இறுக்க வேண்டியிருந்த இரண்டு பாடல்கள் எஃப் சுருதியில் அவருக்கு வசதியாக அமைந்துவிட்டன. வேறு குரலுக்கு இது பொருந்தாமல் போகலாம் என்பதை ஏற்கிறேன்.

முதல் தந்தி எஃப் சுரத்தில் இன்றோடு ஒன்பது நாளாக நிற்கிறது. நட்டுக்கு அருகே சற்றே பிசிர் தெரிகிறது, அறவில்லை. நான்கு அடிப் பிடிப்பை மூன்றாம் அடியில் விட்டுவிட்டுப் பதிவு செய்து கேட்டேன். ஓரிடத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னோரிடத்தில் கீழ்ச்சுரம் தனியாக நிற்பதால் வெட்டு நன்றாகவே கேட்கிறது. அங்கே அந்தச் சுரத்தைத் திறந்த ஏழாம் இணைக்கு மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நண்பர் தம் 60 செ.மீ. லூட்டை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தார். அவருடையது ஜி, என்னுடையது எஃப். ஒரு முழுச் சுரம் தள்ளி நிற்கும் இரண்டு லூட்டுகளுக்கென்றே 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய இருவர் இசை இருக்கிறது என்று சொல்லி ஒரு கட்டு டேப்லேச்சரை மேசையில் வைத்தார். அன்று மாலை நான்கு பக்கங்கள் வாசித்தோம். கருவி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. தவணையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.